கோச்சைத் தூக்கு! ஹப்புத்தளை லிப்டன் முதல் மென்செஸ்டர் வரை… தெரியுமா?

உலகக் கிண்ணம் என்று ஒன்று பிறப்பதற்கு 21 வருடங்களுக்கு முன்பே, நம்ம ஹப்புத்தளைத் தேயிலைக்காரர் பெயரில் ஒரு சர்வதேச உதைபந்தாட்டக் கிண்ணம் நடந்தது, தெரியுமா?

தேயிலைக்காரர் என்றால் வேறு யார்? தோமஸ் லிப்டன்தான். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை வைத்துப் பெரிய ஆளான அந்த மனிதர், 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்ன உள்ளிட்ட ஊவாத் தோட்டங்களை வளைத்துப் போட்டார். மலையுச்சியில் அவர் உட்கார்ந்து பார்த்த இடத்தை இன்றைக்கும் ‘லிப்டன் சீட்’ என்கிறோம். விடிகாலையில் வேன் பிடித்துப் போய் செல்ஃபி எடுக்கிறோம். ஆனால் அதே மனிதர் 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த போட்டிக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார் என்பது ஹப்புத்தளையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து என்று நான்கு நாட்டு அணிகள் மோதின. முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 1930இல் உருகுவேயில் நடந்தது. அதனால்தான் லிப்டன் கிண்ணத்தை ‘முதல் உலகக் கிண்ணம்’ என்று இன்றும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள்.

அதைவிட ஆச்சரியம், அதை ஜெயித்தவர்கள் யார் என்பது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. போனது டர்ஹாம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணி, வெஸ்ட் ஒக்லண்ட். சுரங்கத்துக்குள் இறங்கிக் கரி வெட்டுகிறவர்கள், கையிலிருந்த காசைப் போட்டுக் கப்பலும் ரயிலும் ஏறிப் போய், இறுதியாட்டத்தில் சுவிஸ் அணியான வின்டர்தூரை 2-0 என்று வென்றார்கள். ‘டபிள்யூ ஏ’ என்ற முதலெழுத்துகளைப் பார்த்து வுல்விச் ஆர்சனலுக்குப் போகவேண்டிய அழைப்பு வெஸ்ட் ஒக்லண்டுக்குப் போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. ஊர்க் கதைதான், ஆனால் எத்தனை அழகான கதை! 1911இல் மறுபடி போனார்கள். இறுதியாட்டத்தில் எதிரணி யுவென்டஸ். ஆமாம், அதே யுவென்டஸ்தான். 6-1!

கிண்ணம் சொந்தமாகிவிட்டது. ஆனால் பயணச் செலவு கழுத்தை நெரித்ததில், உலகை வென்ற கிண்ணத்தை ஊர் ஹோட்டல்கார அம்மாவிடம் 40 பவுணுக்கு அடகு வைத்தார்கள். மீட்டது 1960இல், 100 பவுண் கொடுத்து. 1994இல் அதை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். இப்போது இருப்பது நகல்தான்.

தேயிலைத் தொழிலாளி வியர்வையில் விளைந்த காசில் செய்த கிண்ணம், சுரங்கத் தொழிலாளி கைக்குப் போயிருக்கிறது. இதைப் பாடப் புத்தகத்தில் போடலாமே ஐயா!

லிப்டன் துரையின் இன்னொரு முகம் தெரியுமா? அவர் தோற்பதில் உலகப் புகழ் பெற்றவர்! ‘அமெரிக்கா கப்’ பாய்மரப் படகுப் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை ‘ஷாம்ரொக்’ படகுகளை இறக்கினார். ஐந்திலும் தோல்வி. இங்கேதான் நம்ம கதைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. முதல் படகை வடிவமைத்தவர் ஃபைஃப். தோற்றது. ஆளை மாற்றி வொட்சனிடம் கொடுத்தார். தோற்றது. மறுபடி ஃபைஃபிடம் போனார். தோற்றது. பிறகு நிக்கல்சன், இரண்டு தடவை. 1920இல் முதல் இரண்டு ஓட்டத்தையும் ஜெயித்துவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டார்கள்! ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்பியவர்களில் நம்ம துரையும் ஒருவர். கடைசியில் அமெரிக்கர்களே காசு சேர்த்து, ‘நல்லாத் தோற்கிற மனுஷன்’ என்று ஒரு தங்கக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆளை மாற்று, ஆளை மாற்று! பசறையிலிருந்து பண்டாரவளை வரை, லயத்துக் கூரையில் டிஷ் அன்டெனா இருக்கிற இடமெல்லாம் சனிக்கிழமை ராத்திரி கேட்கிற வேதம் இது. இங்கிலாந்தில் பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கோடை காலத்தில் நமக்கு இரவு 7.30, குளிர் காலத்தில் 8.30. அதுவாவது பரவாயில்லை. ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் என்றால் நள்ளிரவு தாண்டிவிடும். விடிந்தால் வேலைக்குப் பிரட்டுக்களம் போகவேண்டும். கண் எரிய எரிய முழித்திருந்து பார்த்து, அணி தோற்றால் யாரை ஏசுவது? பதினொரு பேரையுமா ஏச முடியும்? கோட்டுக்கு வெளியே கோட் போட்டு நிற்கிற ஒற்றை ஆள் போதுமே!

ஆனால் ஒரு காலத்தில் ஏசுவதற்கு அந்த ஆளே கிடையாது, தெரியுமா? இங்கிலாந்து தேசிய அணியை 1946 வரை ஒரு குழுதான் நடத்தியது. அந்த வருடம் வோல்டர் வின்டர்பொட்டம் மெனேஜராக வந்தார். வந்தும் யார் ஆடுவது என்று முடிவு செய்தது குழுவேதான்! 1963இல் அல்ஃப் ராம்சி வந்து, ‘தெரிவு முழுக்க என் கையில் இருந்தால்தான் வேலை’ என்றார். கொடுத்தார்கள். 1966இல் உலகக் கிண்ணம் கிடைத்தது. அன்று தொடங்கியது பாருங்கள் வினை. புகழ் ஒருவனுக்கே போனால் ஏச்சும் ஒருவனுக்கே போகும்.

ஏச்சு வாங்கியதில் மூத்தவர் யார் தெரியுமா? மென்செஸ்டர் யுனைட்டடின் சேர் அலெக்ஸ் பெர்கியூசன்! 1989 டிசம்பரில் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்திலேயே, மூன்று வருடமாகச் சாக்குத்தான் சொல்கிறாய், போய் வா என்ற பொருளில் ஒரு ரசிகர் துணிப் பதாகை தூக்கினார். ஐந்து மாதத்தில் எஃப்ஏ கிண்ணம் வந்தது. அந்த மனிதர் 2013 வரை இருந்து யுனைட்டடுக்கு 38 கிண்ணங்களை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

துணிப் பதாகை போய் விமானப் பதாகை வந்தது. 2014 மார்ச்சில், பெர்கியூசனுக்கு அடுத்து வந்த டேவிட் மொயஸ் வேண்டாம் என்று எழுதிய பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு குட்டி விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. அன்றைக்கென்று பார்த்து யுனைட்டட் 4-1 என்று ஜெயித்தது! அடுத்த மாதமே ஆள் போனது வேறு கதை. 2017இல் ஆர்சனல் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரே ஆட்டத்துக்கு மேலே இரண்டு விமானங்கள். ஒன்று கோச் வெங்கர் போகவேண்டும் என்றது, மற்றது வெங்கரை நம்புகிறோம் என்றது. அதே வருடம் நவம்பரில் சிம்பாப்வேயில் ஜனாதிபதி முகாபேவுக்கு எதிராக ஊரே திரண்டபோது, அந்தக் கூட்டத்திலும் ‘வெங்கர் அவுட்’ அட்டையை ஒருவர் தூக்கி நின்றார். நாட்டின் ஆட்சியே மாறுகிற நாளில் அந்த ஆளுக்கு வெங்கர் கவலை! ரசிகன் என்றால் அவன் ரசிகன்.

வேலை போகிற வேகம் தெரியுமா? பிரையன் கிளஃப் லீட்ஸ் அணியில் கோச்சாக இருந்தது 44 நாள் (1974). பிறகு நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் போய் 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தை அள்ளினார். 44 நாளாவது பரவாயில்லை. 2007இல் டோர்கி அணிக்குக் கோச்சாக லெரோய் ரொசீனியரை அறிமுகம் செய்து வைத்தார்கள். கழகம் கைமாறியது. 10 நிமிடத்தில் வேலை போய்விட்டது!

தோற்றால்தான் வேலை போகும் என்று நினைக்கிறீர்களா? 2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம்ம நேரம் நள்ளிரவு 12.30. அந்தப் பருவத்தில் பிரீமியர் லீக்கில் 15ஆவது இடத்தில் முடித்த மென்செஸ்டர் யுனைட்டடும், 17ஆவதாக முடித்த டொட்டன்ஹாமும் மோதின. டொட்டன்ஹாம் 1-0. பதினேழு வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு கிண்ணம். ஜெயித்துக் கொடுத்த கோச் பொஸ்டெகொக்லுவுக்கு 16 நாளில் வேலை போனது. தோற்ற யுனைட்டட் கோச் அமோரிம் அடுத்த பருவத்தையும் தொடங்கினார்! இதில் எங்கே நியாயம் தேடுவது?

கோச்சை ஏசாமல் தன்னையே தண்டித்துக்கொண்டவரும் உண்டு. யுனைட்டட் ரசிகர் ஒருவர் 2024 ஒக்டோபரில் ஒரு சபதம் எடுத்தார். அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் தலைமுடி வெட்டமாட்டாராம். 2025 முழுக்க அவர் தலையில் கத்தரி படவே இல்லை.

சரி, கோச்சைத் தூக்கினால் உண்மையில் அணி தேறுமா? இதை உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல்தர லீக்கின் 1986 முதல் 2004 வரையான பருவங்களை எடுத்து அலசினார். தொடர் தோல்விக்குப் பிறகு கோச்சை மாற்றிய அணிகள் தேறின. அதே மாதிரி சறுக்கி, கோச்சை மாற்றாமல் விட்ட அணிகள்? அவையும் தேறின! மூன்றாம் நாள் தானாக விடவேண்டிய காய்ச்சலுக்கு இரண்டாம் நாள் கசாயம் கொடுத்துவிட்டு, பார்த்தாயா என் கைராசியை என்று பாட்டி சொல்வதில்லையா, அதே சங்கதி. அதிர்ஷ்டம் அடிமட்டத்துக்குப் போன நேரத்தில்தான் கோச்சுக்குக் கடிதம் கொடுக்கிறார்கள். அதற்குக் கீழே போக இடமில்லாததால் அணி எப்படியும் மேலேதான் வரும்.

நம்பாதவர்களுக்கு இத்தாலியின் பலெர்மோ. முதலாளி ஸம்பரீனிக்குப் பட்டப்பெயரே ‘கோச் தின்னி’. 2015-16 பருவத்தில் இயாகினியை விரட்டி, பலர்தீனியைக் கொண்டுவந்து, அவரையும் விரட்டி, இடையில் வேறு சிலரை வைத்துப் பார்த்து, இயாகினியைத் திரும்ப அழைத்து, மறுபடி விரட்டி, பலர்தீனியைத் திரும்ப அழைத்தார். மூச்சு வாங்குகிறதா? அந்த வருடம் எப்படியோ தப்பினார்கள். அடுத்த வருடம் கீழே போனார்கள். 2019இல் கழகம் நான்காம் தரத்தில் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது.

‘எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்திக் காட்டுகிறோம்’ என்று சொன்ன ரசிகர்களுக்கு நிஜமாகவே கழகம் கிடைத்ததும் உண்டு! 2008இல் ஆளுக்கு 35 பவுண் போட்டு, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இணையம் வழியாகச் சேர்ந்து எப்ஸ்ஃபிளீட் யுனைட்டட் கழகத்தை வாங்கினார்கள். யார் ஆடுவது என்பதைக்கூட வாக்கெடுத்துத் தீர்மானிக்கலாம் என்பதுதான் திட்டம். என்ன செய்தார்கள் தெரியுமா? அணித் தெரிவைக் கோச் லியாம் டெய்ஷ் கையிலேயே விட்டுவிட்டார்கள்! அந்த வருடமே வெம்ப்ளியில் எஃப்ஏ டிரொஃபி கிடைத்தது. ஏசுவது சுலபம், தெரிவு செய்வது கஷ்டம் என்று அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். மென்செஸ்டர் சிட்டியின் முன்னாள் அணித்தலைவர் அன்டி மொரிசன் இலங்கை அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார், தெரியுமா? 2022 ஜூனில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கு உஸ்பெகிஸ்தான் போனார்கள். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அதற்கு முன்பு பக்கீர் அலி காலத்தில், 2019 ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் தென்கொரியாவிடம் 8-0 என்று தோல்வி. அந்தச் சுற்றுக்கு இலங்கை வந்த விதம் இன்னும் விசித்திரம்! மக்காவோவிடம் முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றோம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கைக்கு வர அவர்கள் மறுத்ததால், ஆடாமலே 3-0 என்று நமக்கு வெற்றி கொடுத்தார்கள். பக்கீர் அலிக்குப் பிறகு அமீர் அலாகிச் வந்தார். 2021இல் லெபனானுடன் வசீம் ராசிக் இரண்டு கோல் போட்டும் 3-2 என்று கைவிட்டுப் போனது. 211 நாடுகள் உள்ள பீஃபா தரவரிசையில் 207ஆவது இடம் வரை இறங்கினோம்.

2023 ஜனவரியில் பீஃபா இலங்கையையே தடை செய்தது. தடை நீங்கியது ஓகஸ்ட்டில். ஆட்டமே இல்லாத நாட்டில் கோச் என்ன செய்வார்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்!

பிறகு வந்தவர் குவைத்தின் அப்துல்லா அல் முதைரி. 2021இல் நேபாளத்தை முதல் தடவையாக தெற்காசிய சாஃப் போட்டியின் இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனவர். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், ஜெர்மனியில் வளர்ந்த கிளாடியோ கமர்க்னெக்ட் என்று புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளைத் தேடித் தேடி அணிக்குக் கொண்டுவந்தார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வீழ்த்தி, 2025 ஜூனில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றார்கள். இந்த முன்னேற்றம் முழுக்கக் கோச்சின் சாமர்த்தியமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதிலேயே ஒழுங்கான மைதானமும் ஒழுங்கான லீக்கும் கண்ட கால்கள் வந்தன, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. 2021இல் நடந்த இலங்கை சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் ஆடின. ஊவாவிலிருந்து எத்தனை தெரியுமா? பூச்சியம். மலைநாட்டுக்கென்று இருந்தது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் மட்டும். அதுவும் மத்திய மாகாணம். பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுல தோட்டங்களில் சரிவான நிலத்தில் வெறுங்காலோடு பந்து உதைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். பந்து உருண்டு தேயிலைக்குள் விழுந்தால் தேடி எடுத்து வந்து மறுபடி உதைக்கிறார்கள். அந்த சுப்பர் லீக்கில் ஒரு கழகம்தான் இல்லாமல் போயிற்று. ஏசுவதற்குச் சொந்தக் கோச் இல்லாததால்தான் ஐயாயிரம் மைலுக்கும் அந்தப் பக்கம் இருக்கிறவரை ஏசிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

ஆகவே உதைபந்தாட்டச் சம்மேளனத்து ஐயாமாரே, மாகாண விளையாட்டுத் துறை அதிகாரிகளே! லிப்டன் துரை டூரினுக்கே கிண்ணம் கொடுத்த மண் இது. ஊவாவுக்கு முதல்தர லீக்கில் ஓர் அணி கொடுங்கள். பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்கட்டும், பரவாயில்லை. கோச்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!