பின்வரிசையில் நின்றவர்

கல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கால்பந்து புதிதல்ல. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்து நிற்பார்கள். ஆனால் பேச்செல்லாம் கோல் போட்டவரைப் பற்றித்தான். கோல் விழாமல் தடுத்தவரை யாரும் விசாரிப்பதில்லை. அப்படி விசாரிக்கப்படாத ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

எர்வே ரெனார் 1968-இல் பிறந்தவர். கான் நகரக் கழகத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்தார். அங்கேதான் இளைஞர் ஜிடானும் வளர்ந்து வந்தார். ஜிடான் உலகப் புகழ் பெற்றார். ரெனாரோ சிற்றூர்க் கழகங்களுக்கு இறங்கி, 1998-இல் ஆட்டத்தை விட்டார். பிழைப்புக்குத் துப்புரவு வேலை. விடியுமுன் எழுந்து கட்டடங்களைச் சுத்தம் செய்வார். பிறகு திராகிஞான் என்ற ஊரின் சிறிய அணிக்குப் பயிற்சி கொடுப்பார்.

கிளோத் லெருவா என்ற மூத்த பயிற்சியாளர் அவரைச் சீனாவுக்கு உதவியாளராக அழைத்துச் சென்றார். 2004-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் யுனைடெட் அணியின் பொறுப்பு கிடைத்தது; அதே ஆண்டிலேயே பறிபோயிற்று. 2008-இல் ஜாம்பியா நாட்டு அணி அவரை நம்பியது.

அந்த அணிக்கு ஓர் ஆறாத துயரம் உண்டு. 1993 ஏப்ரலில் அதன் விமானம் காபோன் நாட்டு லிப்ரவில் நகருக்கு அருகே கடலில் விழுந்து, 18 ஆட்டக்காரர்கள் உட்பட 30 பேரும் மாண்டனர். 2012-இல் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் அதே லிப்ரவில்லில் அமைந்தது. ரெனாரின் பிள்ளைகள் கடற்கரைக்குப் போய் மலர் தூவிவிட்டு வந்து, பெனால்டியில் 8-7 என்று ஐவரி கோஸ்டை வென்றார்கள். 2015-இல் அந்த ஐவரி கோஸ்டுக்கே பயிற்சியாளராகி மறுபடியும் கோப்பை வாங்கினார். இரண்டு நாடுகளுக்கு அந்தக் கோப்பையைப் பெற்றுத் தந்த முதல் பயிற்சியாளர் அவர்தான்.

அவருடைய முறைக்கு ஓர் உதாரணம், 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என வென்ற ஆட்டம். ஆஃப்சைடு விதி இதுதான்: சக வீரர் பந்தைத் தட்டும் கணத்தில், முன்னே நிற்பவருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியார் இருவராவது இருக்க வேண்டும், வழக்கமாக கோல் கீப்பரும் இன்னொருவரும். சவுதி தடுப்பாட்டக்காரர்கள் ஒரே வரிசையாக முன்னேறி நின்றார்கள். அர்ஜென்டினா முதல் பாதியில் அடித்த மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின.

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்தவன். கேங்மேன்கள் ரயிலைத் தூக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் பாரம் பக்கத்து ஆளின் காலில். தடுப்பு வரிசையும் அப்படியே. ஒருவர் பின்தங்கினால் வலை முழுவதும் அறுந்துவிடும்.

ரெனார் எங்கும் வென்றவர் அல்லர். 2014-இல் அவர் பொறுப்பிலிருந்த சோஷோ அணி முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 2015-இல் லீல் கழகம் சில மாதங்களிலேயே அவரை விலக்கியது. ஆனாலும் அந்நிய மண்ணில், அந்நிய மொழிக்காரரிடையே வேலை செய்து பெயர் எடுத்தார். ஊரை விட்டு வந்த நமக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்த முறை பிள்ளைகளோடு ஆட்டம் பார்க்கும்போது, ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். வகுப்பில் முதலாவதாக வராத பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.