வாவிக்கரை மாணவரும் வேனிற்காலப் படிப்பும்

கல்வியை நாடிக் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. சட்டமும் வைத்தியமும் பொறியியலும் பயில நம் இளைஞர் பல தலைமுறைகளாக மேனாடுகளுக்குச் சென்று வந்துள்ளனர். ஆயின், ஒரு வாவியை எங்ஙனம் பேணுவது, வயலுக்கும் வலைக்கும் இடையே எழும் வழக்கை எங்ஙனம் தீர்ப்பது என்பனவும் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் பாடங்களே என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. சுற்றாடற் கொள்கை என்பது அத்துறையின் பெயர். மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்க்கு நீண்ட விடுமுறை அளிக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், பிறநாட்டு மாணவரையும் சேர்த்துக்கொண்டு சில வாரகால வகுப்புகளை நடத்துகின்றன. அவற்றுள் இத்துறைக்கும் இடமுண்டு. மட்டக்களப்பு மாணவர் ஒருவர் அவ்வகுப்புகளாற் பெறத்தக்க பயன் யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

நாவற்குடாவின் நிலை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, கல்முனை வீதியிலே தெற்கு நோக்கிச் செல்வோர் நாவற்குடாவை அடைவர். நாவல் மரத்தையும் நீர்க்குடாவையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் அது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்நிலத்திலேதான் வீடும் கோயிலும் பள்ளியும் தென்னந்தோப்பும் அமைந்துள்ளன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது இக்கரையோரம் பட்ட துயரம் மறக்கற்பாலதன்று. நீரைப்பற்றிய அறிவு இங்கே உயிரைப்பற்றிய அறிவாகும்.

வாவியோ வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். படுவான்கரையிலே நெல் விளைகின்றது. கச்சான் காற்று வீசும் காலத்திலே வாவியின் நீர் வற்றும். முகத்துவாரத்தை மணல் மேடிட்டு அடைக்கும். மாரி பிறந்து மழை கொட்டத் தொடங்கினால், படுவான்கரையின் வடிநீரெல்லாம் வாவியை நிரப்பும். அப்பொழுது எழும் கேள்வி ஒன்றே: முகத்துவாரத்தை எப்பொழுது வெட்டுவது?

வெட்டினால் வெள்ளம் வடியும். வயலும் தாழ்நிலத்து வீடும் தப்பும். ஆயின், காலத்துக்கு முந்தி வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு கடலிற் போய்விடுமே என்று வலைஞர் அஞ்சுவர். உழவர் கூறுவதும் நியாயம். வலைஞர் கூறுவதும் நியாயம். இரு நியாயங்கள் மோதுமிடத்திலே தீர்வு காண்பதற்குப் பயிற்சி வேண்டும். சுற்றாடற் கொள்கை என்னும் படிப்பின் உயிர்நிலை இதுவேயாகும்.

ஒல்லாந்து கற்பிக்கும் பாடம்

இத்தகைய படிப்புக்கு உகந்த நாடுகளுள் ஒல்லாந்தும் ஒன்று. நமக்கும் அந்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர் ஒல்லாந்தரே. அன்று அவர் ஆள வந்தனர். இன்று நம் மாணவர் அங்கே அறிவைத் தேடிச் செல்லலாம். யூட்ரெக்ட் நகரிலே ஆண்டுதோறும் வேனிற்காலப் பள்ளி நடைபெறுகின்றது. டெல்ஃப்ற் நகரிலே 1957 இல் பிறநாட்டுப் பொறியியலாளர்க்கென ஆரம்பித்த நீரியற் கல்வி நிலையமும் இருக்கின்றது.

ஒல்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு கடல் மட்டத்தினும் தாழ்ந்தது. 1953 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாளிரவு வடகடல் கரைகளை உடைத்து உட்புகுந்தது. அங்கு மாண்டோர் 1,836 பேர். இனி இவ்வாறு நேராதிருக்க, தென்மேற்கிலுள்ள கடல்வாய்களை அணையிட்டு அடைத்துவிடுவதென அரசாங்கம் தீர்மானித்தது. ஓஸ்டர்ஸ்கெல்டே என்னும் பெருங்கடல்வாயும் அத்திட்டத்தில் அடங்கியது. அங்கே சிப்பியும் மட்டியும் வளர்த்துப் பிழைத்தோர் பலர். கடல்நீர் வந்து போகாவிடின் தம் தொழில் அழியுமென அவர்கள் முறையிட்டனர். மீனினத்தையும் பறவையினத்தையும் நேசித்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. இறுதியில் 1976 இல் புதியதொரு வழி பிறந்தது. கடல்வாயை முற்றாக அடையாமல், 62 உருக்குக் கதவுகளைக் கொண்ட தடுப்பணையைக் கட்டுவது. நாள்தோறும் கதவுகளைத் திறந்து வைப்பது. புயல் வரும்போது மட்டும் மூடுவது. 1986 இல் அவ்வணை திறந்து வைக்கப்பட்டது. உயிரும் காக்கப்பட்டது, தொழிலும் காக்கப்பட்டது.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. தடுப்பணையால் நீரோட்டத்தின் வேகம் தணிந்தது. நீர் வற்றும்போது வெளிப்படும் மணற்றிட்டுகள், அதனால், சிறிது சிறிதாகத் தேய்ந்து வருகின்றன. அத்திட்டுகளிலே இரைதேடும் பறவைகளுக்கு இஃது இடையூறாயிற்று. ஒரு துன்பத்தை நீக்கும் உபாயம் மற்றொன்றைப் பிறப்பிக்கக்கூடும் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக எந்நூலும் உணர்த்தாது. முகத்துவாரத்தின் அருகே வளர்ந்த பிள்ளைக்கு இப்பாடம் எளிதில் விளங்கும்.

வகுப்பறையில் நிகழ்வன

இவ்வகுப்புகளிற் சொற்பொழிவு ஒரு பகுதியே. ஒரு மாணவர் மீனவராகவும், ஒருவர் உழவராகவும், ஒருவர் அமைச்சராகவும் நின்று வாதாடிப் பழகுவதுண்டு. அணைகளையும் சதுப்பு நிலங்களையும் நேரிற் கண்டு வருவதுமுண்டு. ஆட்சியாளர் பத்து நிமிடத்திற் படித்துத் தீர்மானிக்கத்தக்க சுருக்கமான அறிக்கை எழுதும் பயிற்சியும் அளிக்கப்படும். பல நாட்டு மாணவர் ஒருங்கிருப்பதால், நம் துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும்.

பெற்றோர் கவனிக்க வேண்டுவன சில உள. வகுப்புக் கட்டணம் வேறு. விமானச் செலவும் உறையுட் செலவும் வேறு. புலமைப்பரிசில் உண்டாவென முதலிலேயே விசாரித்தல் வேண்டும். விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்னரே அனுப்பத்தக்கது. வீசாவுக்கும் காலம் பிடிக்கும். ஐரோப்பியப் பல்கலைக்கழக முறையிலே ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணிநேரப் படிப்பைக் குறிக்கும். அப்புள்ளிகளை நம் பல்கலைக்கழகம் ஏற்குமாவென்று புறப்படுமுன் எழுத்திற் கேட்டு அறிந்துகொள்வது நன்று.

நம் வீட்டுச் செல்வம்

பிறநாட்டார் கற்பிப்பதை வெறுங்கையோடு கேட்கச் செல்லும் நிலையிலும் நாம் இல்லை. 1973 முதல் ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையராகிய ஷேர்லி அமரசிங்க. 1980 இல் அவர் மறைந்தார். அம்மாநாட்டின் பயனாகிய உடன்படிக்கை 1982 இல் நிறைவேறிற்று. 1997 இல், தன்யூப் நதி அணை குறித்து ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எழுந்த வழக்கிலே, சர்வதேச நீதிமன்ற நீதியரசர் வீரமந்திரி தனித் தீர்ப்பொன்று எழுதினார். அபிவிருத்தியும் இயற்கைப் பாதுகாப்பும் இணைந்து நடக்கலாம் என்பதற்கு நம் நாட்டுப் பழங்குளங்களை அவர் சான்று காட்டினார்.

நமது சட்டங்களையும் மாணவர் அறிந்து செல்லல் வேண்டும். தேசிய சுற்றாடற் சட்டம் 1980 இலும், கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இலும் பிறந்தன. முன்னதற்கு 1988 இற் செய்யப்பட்ட திருத்தம், பெருந்திட்டங்களால் விளையக்கூடிய சுற்றாடற் பாதிப்பை முன்கூட்டியே மதிப்பிட வேண்டுமென விதித்தது. அம்மதிப்பீட்டு அறிக்கையைப்பற்றித் தமிழிலும் அறிவித்தல் வெளியிட வேண்டுமென்றும், பொதுமக்கள் தம் கருத்தைக் கூற 30 நாள் அளிக்க வேண்டுமென்றும் வகுத்தது. அந்த 30 நாளுக்குள் அறிக்கையைப் படித்து, அதிலுள்ள குறையைக் கண்டு, தக்க காரணங்களோடு எழுதியனுப்ப வல்லவர் ஊருக்கு எத்தனை பேர்? உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதனைக் கையாளும் ஆற்றலன்றோ நமக்கு வேண்டும்!

நாவற்குடாவுக்கு அண்மையில், கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர் சுவாமி விபுலானந்தர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், அவ்வறிவின் துணைகொண்டு பழந்தமிழ் இசையை ஆராய்ந்தார். 1947 இல் யாழ்நூலை நமக்கு அளித்தார். மேனாட்டுக் கல்வி தாய்நிலத்துக்கு எங்ஙனம் பயன்படல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே எடுத்துக்காட்டாகும்.

வேனிற்கால வகுப்பு ஆகஸ்டில் முடியும். அதன்பின் சில வாரங்களில் இங்கே விதைப்பு, தொடர்ந்து மாரி, முகத்துவாரத்தை வெட்டுவதுபற்றிய பேச்சும் உடன் எழும். சென்று திரும்பிய மாணவர், தாம் கற்றதை எளிய தமிழில் எழுதி, எழுவான்கரை வலைஞருக்கும் படுவான்கரை உழவருக்கும் படித்துக் காட்டட்டும். அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடை சொல்லட்டும். சொல்ல இயலாதவற்றைக் குறித்து வைத்து மேலும் ஆராயட்டும். நம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் செலவுக்கு அதுவே தக்க பலனாகும்.