அமைப்புகளை நகலெடுப்போம், முகங்களை அல்ல

இன்று பல்கலைக்கழகத்தில் இடுபணி என்றாலே பாதி காணொளிதான். படம்பிடிக்கக் கைப்பேசி போதும். பொறுமையைச் சோதிப்பது படத்தொகுப்பு. நாற்பது துண்டுகளுக்கும் நிறம், வெளிச்சம், ஒலி அளவு என ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் பொழுது விடிந்துவிடும். ஒரு துண்டில் செய்த திருத்தங்களை மற்றத் துண்டுகளுக்கு அப்படியே மாற்றித் தரும் கட்டளை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன் பெயர் 'பேஸ்ட் அட்ரிபியூட்ஸ்'.

செய்முறை எளிது. திருத்திய துண்டைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், சி விசைகளை அழுத்துங்கள். பிறகு மாற்ற வேண்டிய துண்டுகளையெல்லாம் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கணினியில் பிரீமியர் புரோ என்றால் கண்ட்ரோல், ஆல்ட், வி. டாவின்சி ரிசால்வ் என்றால் ஆல்ட், வி. உடனே ஒரு பட்டியல் திறக்கும். எவற்றை நகலெடுக்க வேண்டுமோ அவற்றை மட்டும் குறியிடலாம். இந்தப் பட்டியலைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் ஊரான ஜொகூர், சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துப் பாட்டியைப் பேட்டி காண்பதாக வைத்துக்கொள்வோம். முதல் துண்டு வாசலில், காலை வெயிலில். அடுத்தது சமையலறையில், குழல்விளக்கின் கீழ். மூன்றாவது செம்பனை மர நிழலில். வாசல் துண்டில் வெளிச்சத்தைக் குறைத்த அமைப்பைச் சமையலறைத் துண்டுக்கு மாற்றினால் பாட்டியின் முகமே இருண்டுவிடும். ஏன்? மென்பொருள் நகலெடுப்பது முடிவை அன்று, மாற்றத்தின் அளவை. ஒரு குழம்பில் உப்புப் போதவில்லை என்று ஒரு கரண்டி போட்டோம். அதே ஒரு கரண்டியை ஏற்கெனவே உப்புக் கரிக்கும் குழம்பிலும் போடலாமா?

ஆகவே, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே கேமரா என்றால் தாராளமாக நகலெடுக்கலாம். வெளிச்சம் மாறினால் அந்தக் குழுவில் ஒரு துண்டைப் புதிதாகத் திருத்தி, அதிலிருந்து மற்றவற்றுக்கு நகலெடுக்க வேண்டும். இன்னொன்று: நகலெடுத்தபின் மூலத் துண்டை மாற்றினால் மற்றவை தாமாக மாறா. ஒரே இடத்தில் மாற்றி எல்லாவற்றிலும் பலன் காண, துண்டுகளுக்கு மேலே ஓர் 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' வைக்கலாம். பிரீமியரில் இவ்வசதி 2012-இல் வந்தது.

ஒருவருக்குப் பொருந்தியதை எல்லாருக்கும் பொருத்தும் பழக்கம் கணினிக்கு முன்பே இருந்தது. கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு 'ஷெர்லி அட்டை' என்ற மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதிலிருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் நிறம் சரியாக வந்தால் படம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் விவரமின்றி இருண்டன. 1990களில்தான் பல இனப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டையை அந்நிறுவனம் வெளியிட்டது.

இன்று நாம் பதிவிறக்கம் செய்யும் ஆயத்த நிற அமைப்புகளிலும் அதே ஆபத்து உண்டு. யாருடைய முகத்துக்காகவோ செய்ததைப் பாட்டியின் முகத்தில் ஒட்டினால் அவர் வெளுத்துப் போவார், அல்லது சாம்பல் பூத்துப் போவார். இதைச் சோதிக்க 'வெக்டர்ஸ்கோப்' என்னும் அளவி உதவும். அதில் தோல் நிறத்துக்கென ஒரு கோடு உண்டு. கறுப்போ சிவப்போ, மனிதத் தோலின் சாயல் பெரும்பாலும் அக்கோட்டை ஒட்டியே அமையும்; தோலுக்கடியில் ஓடும் இரத்தம் ஒரே நிறந்தானே! மாறுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவுதான். ஆக, சாயலைக் கோட்டில் நிறுத்துங்கள்; கறுப்பைக் கறுப்பாகவே விடுங்கள்.

1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அக்கதையைப் பெற்றோர் வாயால் கேட்டவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். நாம் எடுக்கும் பேட்டிகள் நாளை ஆவணங்களாகும். பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்கும்போது, வெயிலில் பால்மரம் சீவிக் கறுத்த அந்த முகம் உள்ளபடியே தெரிய வேண்டும். அடுத்த முறை அந்தப் பட்டியல் திறக்கும்போது, குறியிடும் முன் ஒரு நிமிடம் நின்று படியுங்கள், நண்பர்களே.