உங்களுக்குத் தெரியுமா? – புலிக்காட்டு ஓரத்து நாய், பூனைகள்

களக்காட்டில் ஒரு நாய்க்குட்டிக்குப் போடும் தடுப்பூசி, தலையணைத் தடுப்பணைக்கு மேலே காட்டில் திரியும் சிறுத்தைக்கும் சேர்த்துத்தான். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நாயோடு நின்றுவிடுவதில்லை. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் இதில் செத்தன. அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் பரிசோதனையில் இந்த வைரஸ் அகப்பட்டது. சிறுத்தைக்கோ நாய்க்கறி என்றால் கொள்ளை ஆசை. மகாராஷ்டிராவின் அகோலே பக்கம் கரும்புத் தோட்டங்களில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தார்கள். அவை தின்றதில் 39 சதவீதம் நாய்! மலையடிவாரத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று கேட்பார்கள்.

ஐந்து நோய், ஏழு நோய் என்று எண் போட்டு வரும் கூட்டுத் தடுப்பூசியில் டிஸ்டெம்பருக்கும் இன்னொரு வைரஸ் நோயான பார்வோவுக்கும் மருந்து இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், நான்கு மாதம் ஆகும்வரை. பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் வடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் இத்தனை தவணை.

கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் எண் 1962. முண்டந்துறை சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வருஷமும் 1962! தற்செயல்தான், ஆனால் நம் பக்கத்துக்காரர்களுக்கு எண் மறக்காது. களக்காடு சரணாலயம் சிங்கவால் குரங்குக்காக 1976-இல் வந்தது. இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது 1988-இல்.

ஊர் வாயில் மாட்டாஸ்பத்திரி. போர்டில் கால்நடை மருந்தகம். நாயையும் பூனையையும் அங்கே தாராளமாகக் கொண்டுபோகலாம். டாக்டர் படித்த ஐந்தரை வருஷப் படிப்பில் மாடு, ஆடு, கோழியோடு நாயும் பூனையும் உண்டு. ஸ்கேன், பெரிய அறுவைச் சிகிச்சை என்று போனால் திருநெல்வேலி தாண்டி சங்கரன்கோவில் சாலையில் இராமையன்பட்டிக்குப் போகவேண்டும். அங்கே 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் மூத்தது, 1903-இல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய கல்லூரி.

வெறிநாய்க்கடியில் உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் நூற்றுக்கு 99 நாய் வழியாக வந்தது. நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லவேண்டும். கடிபட்ட அன்றே ஆரம்பித்தால் முழுக்கத் தடுத்துவிடலாம். முதல் வைத்தியம் சோப்பும் தண்ணீரும்தான். இந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். எரிச்சலில் தேய்க்கத் தேய்க்க வைரஸ் உள்ளேதான் போகும்.

தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்ற பயம் இன்னமும் சில பெரியவர்களிடம் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத் தயாரித்தார்கள். அந்தக் காலம் போயாச்சு. இப்போது கைத்தோலில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுகிறார்கள். ரத்தம் வரும் அளவு கடி என்றால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேரும். அதை "ஒரு ஊசி போதும்" என்று விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கடித்தது வீட்டு நாய் என்றால் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் அதற்குள் செத்துவிடும். ஆனால் நாய் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மனிதன் ஊசிக்குப் போகலாம் என்று இருக்கக்கூடாது. ஊசியை அன்றைக்கே ஆரம்பிக்கவேண்டும்.

நாய்க்கு வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருஷாவருஷம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். மெடிக்கலில் வாங்கி, வெயிலில் பைக் கவரில் போட்டு, வழியில் டீ குடித்துவிட்டுப் போனால் நாய்க்கு ஏறுவது வெறும் தண்ணீர்தான். ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை டாக்டர் உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. ஒட்டாமல் விட்டால் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

மனிதனுக்குப் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தும் நாய்க்குப் போடும் மருந்தும் ஒன்றேதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் இருளர்கள். அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் செங்கல்பட்டு பக்கம் வடநெம்மேலியில் தொடங்கியது. இன்னொரு விஷயம்: நாய் சின்னதாக இருக்கிறதே என்று மருந்தைக் குறைக்க மாட்டார்கள். முறிக்கவேண்டியது பாம்பு இறக்கிய விஷத்தை. அது நாயின் எடையைப் பார்த்து இறங்குவதில்லை. வாழைத்தோட்டத்தில் மோப்பம் பிடிக்கும் நாய்க்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழும். கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது வேண்டாம். அசையவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏத்தன் வாழைத் தோட்டத்தில் குருணை மருந்து, வீட்டில் எலி பேஸ்ட். நாய் இரண்டில் எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றுவது நம் பக்க வழக்கம். அது கெடுதல், உப்பே விஷமாகும். பேஸ்ட் அட்டையோ மருந்துப் பாக்கெட்டோ கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டருக்குப் பாதி வேலை முடியும்.

மூக்கு காய்ந்தால் காய்ச்சல் என்பதில் உண்மை குறைவு. நாயின் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 102 காய்ச்சல், அதற்கு அது நலம். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பூனைக்கு அரை பாரசிட்டமால் கொடுக்கிறீர்களா? ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதன் ஈரலில் அந்த மருந்தைச் செரித்துத் தள்ளும் பொருள் போதாது.

உண்ணியைப் பிடுங்கி நாயைக் குளிப்பாட்டினால் பாதி வேலைதான். நாய் உண்ணி வயிறு முட்டக் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொட்டிலையும் சுவரையும் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெயும் வயல் பூச்சிமருந்தும் நாயின் தோலுக்கு ஆகாது. உண்ணியால் நாய்க்கு வரும் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரலாம். அப்போது சூடு பிடித்துவிட்டது என்று மோர் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

நாய், பூனை வளர்க்கலாம். ஆனால் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறக்கை வெட்டி, மிளகாய்ப்பழம் கொடுத்து, பெயர் வைத்து அழைத்தாலும் குற்றம்தான்! கடையில் விற்கும் 'லவ் பேர்ட்ஸ்' அந்தக் கணக்கில் வராது. அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் பட்ஜிகள்.