நீர் எல்லோருக்கும், பொறி யாருக்கு?

மட்டக்களப்பு வாவியிலிருந்து ஒரு லீற்றர் நீரை அள்ளிக்கொள்வோம். உப்பும் சேறும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் அதில் உண்டு. அவற்றோடு டியூட்டீரியம் எனப்படும் பாரமான ஐதரசனும் ஏறத்தாழ 33 மில்லிகிராம் கலந்திருக்கிறது. நாவற்குடாவின் கிணற்று நீரானாலும் கிழக்கே உள்ள கடல் நீரானாலும் அளவு ஏறக்குறைய இதுதான். இந்தச் சிறு துளியை முழுமையாக அணுக்கரு இணைவுக்கு உட்படுத்த முடிந்தால், சுமார் 300 லீற்றர் பெற்றோலை எரித்துப் பெறும் சக்தி கிடைக்கும் என்பது பௌதிகவியலாளர்களின் கணக்கு.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும் நிலையில் நாம் இல்லை. 2022 மார்ச் மாத முடிவில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இயந்திரப் படகை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அது எத்தகைய அடி என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சக்தி என்பது எமது மக்களுக்கு அடுப்பு, வலை, வயல், பிள்ளையின் பாடப்புத்தகம் ஆகிய யாவும் சேர்ந்த ஒன்று. ஆகவே “எல்லையற்ற சக்தி” என்று எவரேனும் சொல்லும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். எப்போது வரும்? என்ன விலைக்கு வரும்? யார் கையில் இருக்கும்?

இக்கேள்விகளுக்கு விடை தேட, கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதே கனவைத் துரத்திவரும் ஒரு தனியார் கம்பனியின் கதை உதவும்.

பிளவும் இணைவும்

அணு என்றதும் பலருக்கு அச்சம் எழுவது இயல்பு. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் இயங்குவது அணுக்கருப் பிளவு நிலையம். பாரமான யுரேனிய அணுக்கருவைப் பிளந்து, அதில் எழும் வெப்பத்தால் மின்சாரம் ஆக்குவது அதன் முறை. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையின் மீனவ மக்கள் தமது தேவாலய முற்றத்தில் அமர்ந்து அதற்கெதிராக நடத்திய நீண்ட போராட்டத்தை நாம் மறக்கவில்லை. எனினும் 2013 இல் அதன் முதல் உலை மின்தொடரில் இணைக்கப்பட்டது.

இணைவு இதற்கு மறுபக்கம். இலேசான அணுக்கருக்கள் இரண்டு ஒன்றாகி வேறொன்றாக மாறும்போது, அவற்றின் திணிவில் ஒரு சிறு பங்கு மறைந்து சக்தியாக வெளிப்படுகிறது. சூரியன் எரிவது இவ்வாறே. இதில் பிளவு உலையைப் போலக் கட்டுமீறி ஓடும் தொடர்தாக்கம் இல்லை. ஏதும் பழுது நேர்ந்தால் நெருப்பு தானாக அணைந்துவிடும். பல்லாயிரம் ஆண்டுகள் காவல் வைக்க வேண்டிய கழிவுகளும் இதில் மிச்சமாவதில்லை. ஆனால் முற்றிலும் தூய்மையானது என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலானோர் தெரிந்தெடுத்துள்ள டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற எரிபொருட் சேர்க்கையில் வேகமான நியூத்திரன்கள் கிளம்பி, உலையின் சுவரைத் தாக்கி, அதனைக் கதிர்வீச்சு உள்ளதாக்குகின்றன. டிரிட்டியமும் கதிர்வீச்சுப் பொருளே.

இதிலுள்ள இடர்ப்பாட்டை 1957 இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோன் லோசன் மூன்று அளவுகளாக வகுத்துக் காட்டினார். சோறு வேக நெருப்பு வேண்டும், பானையில் போதிய அரிசி வேண்டும், வேகும் வரை சூடு வெளியேறாமல் மூடியிருக்கவும் வேண்டும். அதுபோல இணைவுக்கு வெப்பம், அடர்த்தி, வெப்பத்தைத் தாங்கி நிற்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒருங்கே தேவை. சூரியனின் நடுவில் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை. சூரியனுக்கு உள்ள ஈர்ப்பு எமக்கு இல்லாதபடியால் பூமியில் பத்துக் கோடி பாகைக்கு மேல் தேவைப்படுகிறது. அந்தச் சூட்டில் வாயு பிளாஸ்மா என்ற நிலையை அடைகிறது. அதை எந்தப் பானையாலும் ஏந்த முடியாது. காந்தப்புலத்தால் பின்னிய வலைக்குள்தான் நிறுத்த வேண்டும். வலைக்குள் நீரை நிறுத்துவது எவ்வளவு சிரமமோ, இதுவும் அவ்வளவு சிரமமே.

தள்ளிப்போன தவணைகள்

1954 இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், மானி வைத்து அளக்கத் தேவையில்லாத அளவு மலிவான மின்சாரத்தை அடுத்த தலைமுறை அனுபவிக்கும் என்று கூறினார். 1955 இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இந்திய விஞ்ஞானி ஹோமி பாபா, இணைவுச் சக்தியைக் கட்டுப்படுத்தி விடுவிக்கும் வழி இரு தசாப்தங்களுக்குள் கண்டறியப்படும் என்று எதிர்வுகூறினார். 1958 சனவரியில் பிரித்தானிய விஞ்ஞானிகள் ஸீற்றா என்ற பொறியில் இணைவு நிகழ்ந்ததாக அறிவித்தார்கள். சில மாதங்களில் அதை மீளப்பெற நேர்ந்தது. பாபா குறித்த இருபது ஆண்டுகள் கழிந்து இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆயினும் எதுவும் நடக்கவில்லை என்பது நியாயமாகாது. இந்தியாவில் பிரேதிமன் கௌ போன்ற அறிஞரின் உழைப்பால் காந்திநகரில் வளர்ந்த பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், 1989 இல் ஆதித்யா என்ற பொறியை இயக்கியது. 2022 டிசெம்பர் 5 ஆம் திகதி அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில், 2.05 மெகாயூல் லேசர் சக்தியைச் செலுத்தி 3.15 மெகாயூல் இணைவுச் சக்தியைப் பெற்றார்கள். ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்தொடரிலிருந்து எடுத்த சக்தியோ ஏறத்தாழ 300 மெகாயூல். செய்தித்தாள்கள் முதல் இரண்டு எண்களைப் பெரிதாகப் போட்டன. மூன்றாவது எண்ணையும் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

பிரான்சில் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, சப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு பங்காளிகள் கூடி ஐற்றர் என்ற மாபெரும் உலையைக் கட்டிவருகின்றனர். அதனைச் சூழும் 3,850 தொன் உருக்குக் கலம் இந்தியாவின் பங்களிப்பு. 2024 இல் வெளியான புதிய அட்டவணைப்படி அது டியூட்டீரியம், டிரிட்டியம் கொண்டு இயங்கத் தொடங்குவது 2039 இல்தான்.

1998 இல் பிறந்த கம்பனி

அரசாங்கங்கள் இவ்வாறு மெல்ல நடந்துகொண்டிருக்கையில், 1998 இல் கலிபோர்னியாவில் ட்ரை அல்பா எனர்ஜி என்ற பெயரில் ஒரு கம்பனி தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் டி.ஏ.ஈ. டெக்னோலஜிஸ். இதன் மூலவர் அர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நோர்மன் ரொஸ்டோக்கர். இறுதியில் ஒரு மின்சார நிறுவனம் விரும்பி வாங்கி இயக்கக்கூடிய பொறி எது என்று முதலில் கேட்க வேண்டும், ஆராய்ச்சியை அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அதன்படி நியூத்திரன்கள் மிகக் குறைவாக எழும் எரிபொருளை அவர் தெரிந்தெடுத்தார். அது சாதாரண ஐதரசனும் போரனும்.

போரன் எமக்குப் புதிதல்ல. நகை ஒட்டும்போது பொற்கொல்லர் இடும் வெண்காரத்திலும், கரம் பலகையில் எமது இளைஞர்கள் தூவும் போரிக் மாவிலும் இருப்பது அதுவே. கடல் நீரிலும் கலந்திருக்கிறது. ஐதரசன் அணுக்கரு ஒன்று போரன் அணுக்கரு ஒன்றுடன் இணைந்தால் மூன்று ஈலிய அணுக்கருக்கள் பிறக்கின்றன. எரிபொருள் மலிவு, கழிவு மிகக் குறைவு. ஆனால் தேவைப்படும் வெப்பமோ நூறு கோடி பாகைக்கு மேல். மலிவான எரிபொருளுக்கு அக்கம்பனி கொடுக்க ஒப்புக்கொண்ட விலை இது.

நீண்ட காலம் அக்கம்பனி வெளியுலகுக்கு வாய் திறக்கவில்லை. ஒரு பொறி குறித்த இலக்கை எட்டிய பின்னரே அடுத்த பொறிக்கு முதலீட்டாளர் பணம் தரும் முறையில், படிப்படியாக அது வளர்ந்தது. 2015 இல் ஒரு கோடி பாகைப் பிளாஸ்மாவை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம் நிலைநிறுத்தியதாக அறிவித்தது. 2017 இல் அடுத்த பொறி இயங்கத் தொடங்கியது. 2014 இல் மறைந்த ரொஸ்டோக்கரின் நினைவாக அதற்கு நோர்மன் என்று பெயரிட்டார்கள். 2022 இல் அது ஏழரைக் கோடி பாகையை எட்டியது. அவ்வாண்டளவில் கூகிள், ஷெவ்ரோன் போன்ற நிறுவனங்கள் உட்படப் பலரிடமிருந்து திரட்டிய முதல் 120 கோடி டொலரைத் தொட்டிருந்தது. 2023 இல் சப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, காந்தப்புலத்தில் அடைத்த பிளாஸ்மாவுக்குள் ஐதரசன்-போரன் இணைவு நிகழ்வதை முதன்முறையாக அளந்து காட்டினார்கள். 2025 இல் முன்னையதிலும் எளிய அமைப்புள்ள பொறியொன்றை வெளியிட்டார்கள்.

இவை உண்மையான முன்னேற்றங்கள். இவ்வழியில் பெற்ற தொழில்நுட்பத்தைக் கொண்டு, போரனைப் பயன்படுத்தும் ஒருவகைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக 2018 இல் ஒரு துணைக் கம்பனியும் அமைந்தது. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. 2019 சனவரியில் அதன் தலைவர் ஐந்து ஆண்டுகளில் இத்தொழில்நுட்பம் வணிக நிலைக்கு வரும் என்று பேசினார். ஐந்து ஆண்டுகள் கடந்தன. தவணை 2030 களுக்குத் தள்ளிப்போயிற்று. எந்தத் தனியார் இணைவுக் கம்பனியும் இதுவரை ஒரு மின்குமிழுக்கேனும் மின்தொடர் வழியாக ஒளி தந்ததில்லை. 2025 டிசெம்பரில் டி.ஏ.ஈ., அமெரிக்க சனாதிபதி டொனால்ட் டிரம்ப் பெரும் பங்குதாரராக உள்ள ஊடகக் கம்பனியுடன் 600 கோடி டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் இணையப் போவதாக அறிவித்தது.

சாவி யாரிடம்?

எமது மூன்றாவது கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. ஐற்றர் திட்டத்தில் பங்காளிகள் அனைவரும் அங்கு பெறப்படும் அறிவை முழுமையாகப் பகிர்ந்துகொள்வர் என்பது ஒப்பந்தம். அது மெதுவானது, செலவு மிக்கது. எனினும் அறிவு ஏழு வீட்டின் பொதுச் சொத்து. கம்பனிகளின் பாதை விரைவானது. இன்று உலகில் நாற்பதுக்கும் மேற்பட்ட இணைவுக் கம்பனிகள் உள்ளன. அவற்றின் போட்டி அரசாங்க ஆய்வுகூடங்களையும் விழிக்கச் செய்துள்ளது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2028 முதல் மின்சாரம் பெறுவதற்கு ஹீலியன் என்ற கம்பனியுடன் 2023 இல் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால் இங்கு அறிவு பங்குதாரரின் சொத்து. முதல் மின்சாரத்துக்கு வரிசையில் நிற்பதும் பெருங்கணினி நிலையங்கள்தாம். படுவான்கரைக் கிராமங்கள் அல்ல.

பணத்தைப் பணயம் வைத்தவர் இலாபம் எதிர்பார்ப்பது குற்றமல்ல. நாம் சொல்வது இதுதான்: எரிபொருள் கடவுள் எல்லோருக்கும் பொதுவாகத் தந்த நீரிலும் மண்ணிலும் இருப்பதனால் மட்டும் சக்தி பொதுவாகிவிடாது. நீர் எமது வாவியில் இருக்கும். பொறியின் உரிமை வேறெங்கோ இருக்கும். இலங்கை ஐற்றர் திட்டத்தில் பங்காளியல்ல. கம்பனிகளிலும் எமக்குப் பங்கில்லை. இன்று பெற்றோலுக்கும் நிலக்கரிக்கும் டொலர் தேடும் நாடு, நாளை உலைக்கும் உரிமைக் கட்டணத்துக்கும் டொலர் தேடுமாயின், ஏழையின் மின்பட்டியலில் என்ன மாறியிருக்கும்?

எமது பக்கத்து வேலை

ஆகவே இச்செய்தியைக் கேட்டுக் கைகட்டிக் காத்திருப்பதும் தவறு, ஏளனம் செய்து ஒதுக்குவதும் தவறு. இரண்டு வேலைகள் எமக்கு உண்டு.

ஒன்று, பதினைந்து கோடி கிலோமீற்றருக்கு அப்பால் ஏற்கெனவே இயங்கும் இணைவு உலையின் ஒளி நாள்தோறும் எமது கூரைகளில் விழுகிறது. அதைப் பிடிக்கும் தகடும் மின்கலமும் கம்பனிகளின் ஆக்கங்களே என்றாலும், அவற்றை ஒரு கிராமச் சங்கமோ மீனவர் கூட்டுறவோ வாங்கி, பொதுவில் வைத்துப் பராமரிக்க முடியும். பொது உடைமையாகச் சக்தியை நிர்வகிக்கப் பழகிய சமூகமே, பின்னொரு நாள் பெரிய பொறி வரும்போதும் தனக்குரிய பங்கைக் கேட்கத் தெரிந்திருக்கும்.

மற்றது, எமது பிள்ளைகளின் கல்வி. இம்மாவட்டத்தின் கிராமப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்க வழியில்லை. கற்க விரும்பும் பிள்ளை வாவியைக் கடந்து நகருக்கு வர வேண்டியுள்ளது. 2030 களிலோ அதற்குப் பின்னரோ இப்பொறிகள் வந்து சேரும்போது, அவற்றை இயக்கவும் திருத்தவும், ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளை வாசித்துக் கேள்வி கேட்கவும் வேண்டியவர்கள் இன்று ஆறாம் ஏழாம் வகுப்பில் இருக்கிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர்களும் ஒரு விஞ்ஞான ஆசிரியருக்காகக் கல்வித் திணைக்களத்தின் கதவைத் தட்டுவது, ஒரு வீதிக்காகத் தட்டுவதைவிடக் குறைந்த வேலையல்ல.

அந்தக் கம்பனியிடமிருந்து நாம் கற்கவும் ஒன்று உண்டு. இருபத்தேழு ஆண்டுகளில் அது பொறிக்குப் பின் பொறியாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் எட்டியதை அளந்து பார்த்த பின்னரே அடுத்ததற்குக் கைநீட்டியது. எமது சங்கங்களின் திட்டங்களும் அவ்வாறு அளக்கப்படட்டும். எமது கிராமங்களுக்கு வாக்குறுதியோடு வருபவர் எவராயினும், எட்டியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, உரிமை யாருடையது என்ற மூன்றையும் எண்களோடு சொல்லும்படி கேட்போம்.