ஆஸென்: கிராமச் சாலையில் பிறந்த பந்தயம்

மேடு பள்ளம் அதிகமின்றிச் சமதளமாகப் பரந்து கிடக்கும் நெதர்லாந்து தேசத்தின் வடகிழக்கே, பசும்புல் வெளிகளுக்கு நடுவே அமைந்த ஆஸென் என்னும் சிறு நகரம், ஆண்டின் பெரும்பகுதியை உலகத்தார் கண்ணில் படாமலே கழித்துவிட்டு, ஜூன் மாதக் கடைசியில் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. குடியானவர்கள் தங்கள் நிலங்களைக் கூடாரம் அடிப்போருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நகரத்து வீதிகளில் இரவெல்லாம் வாத்திய முழக்கமும் ராட்டின ஆட்டமும். இத்தனைக்கும் காரணம் மோட்டார் சைக்கிள் பந்தயம்.

அது பிறந்தபோது தடம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. 1925இல் ரோல்டே, போர்கர், ஸ்கோன்லோ ஆகிய மூன்று கிராமங்களை இணைத்த 28.4 கிலோமீட்டர் பொதுச்சாலையிலேதான் வீரர்கள் வண்டி ஓட்டினார்கள். மறு ஆண்டில் ஆஸெனை அடுத்த சாலைகளுக்கு மாறிய அந்தப் பந்தயத்துக்கு, 1955இல் தான் 7.7 கிலோமீட்டர் நீளமுள்ள சொந்தத் தடம் வாய்த்தது. ஆயினும் கிராமச் சாலையின் லட்சணம் அதைவிட்டு எளிதில் போய்விடவில்லை. மழைநீர் வழிவதற்காக நம் ஊர்ச் சாலைகளும் நடுவில் மேடிட்டு இருபுறமும் சரிந்திருக்குமல்லவா? அத்தகைய சரிவு நெடுங்காலம் இங்கும் இருந்தமையால், வளைவின் உட்பக்கத்தைப் பற்றிக்கொண்டவனுக்குத் தரையே அணை கொடுத்தது; நடுமேட்டைக் கடந்து வெளியே விலகியவனை அதே தரை தள்ளிவிட்டது. 1949இல் உலகச் சாம்பியன் பந்தயங்கள் தொடங்கிய நாள் முதலாக, கொரோனா தடைசெய்த 2020 நீங்கலாக, ஆண்டு தவறாமல் பந்தயம் கண்ட ஸ்தலம் இது ஒன்றே என்பதால், ரசிகர்கள் இதை வேகத்தின் பேராலயம் என்று பக்தியோடு அழைக்கிறார்கள். அந்த ஆலயத்தின் வடபுறத்தை 2006இல் வெட்டி எறிந்து, ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்த் தடத்தை நான்கரை கிலோமீட்டராகச் சுருக்கியதைப் பழைய ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நல்லவேளையாக, வேகம் குறையாமல் வலமும் இடமுமாக வண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் போகவேண்டிய பின்பாதி தப்பிப் பிழைத்தது. எஞ்சின் பலத்தைவிட ஓட்டுபவனின் துணிவும் சாமர்த்தியமும் அங்கேதான் பேசுகின்றன.

இப்போதைய முறைப்படி வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு உரியது. 157 கிலோவுக்குக் குறையாத எடையும் 1000 சி.சி. எஞ்சினும் உள்ள யந்திரத்தை, முழங்கையும் தரையில் உரசும்படி அறுபது பாகை அளவுக்குச் சாய்த்து ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை காலையில் தகுதிச் சுற்றுகள். பிற்பகலில், 2023 முதல் சேர்ந்துகொண்ட பாதித் தூரப் பந்தயம். ஞாயிறன்று 26 சுற்றுகள் கொண்ட பிரதான பந்தயம். வென்றவனுக்கு 25 புள்ளிகள். வடகடல் காற்று எந்நேரமும் மழையைக் கொண்டுவரக்கூடிய இடமாதலால், பந்தயத்தின் நடுவிலேயே வெள்ளைக்கொடி காட்டப்படுவதும், வீரர்கள் உள்ளே வந்து, மழைக்குரிய டயர் பூட்டிய வேறொரு வண்டியில் தாவி ஏறிக்கொண்டு விரைவதும் இங்கே நடக்கக்கூடியவை.

ஞாயிற்றுக்கிழமை என்பது புது வழக்கம். ஓய்வுநாள் தேவாலயத்துக்கே உரியது என்று கருதிய உள்ளூர் மக்களின் நம்பிக்கையை அனுசரித்து, 2015 வரையில் சனிக்கிழமையிலேயே பிரதான பந்தயம் நடந்துவந்தது, பயிற்சியோ வியாழனன்று. 2013இல் அந்த வியாழக்கிழமை பெய்த மழையில், உலகச் சாம்பியனாகிய ஸ்பெயின் வீரர் ஹோர்ஹே லொரென்ஸோ அதிவேகத்தில் வழுக்கி விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிரவே விமானம் ஏறிப் பார்ஸிலோனா சென்று, தகடு வைத்துத் திருகாணிகளால் எலும்பைப் பூட்டச் செய்துகொண்டு திரும்பி, சனிக்கிழமை மருத்துவரின் அனுமதி பெற்றுப் பன்னிரண்டாம் இடத்திலிருந்து புறப்பட்டார். முந்திச் சென்றவர்களில் வாலென்டினோ ரோஸ்ஸி இரண்டரை ஆண்டு வறட்சிக்குப் பிறகு வெற்றிக் கோட்டைத் தொட்டார் என்பது அன்றைய பெரிய செய்திதான். ஆனால் கூட்டத்தின் கண்கள், வலியைப் பல்லைக் கடித்துச் சகித்தபடி ஐந்தாவதாக வந்து 11 புள்ளிகளைப் பெற்ற லொரென்ஸோவின்மேலும் நிலைத்திருந்தன. அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டத்தை மார்க் மார்க்கெஸிடம் அவர் இழந்தது நான்கே புள்ளி வித்தியாசத்தில்.