ஏரித் தூண்டிலும் சுட்ட களிமண்ணும்

மெல்ல நகரும் படகின் பின்னால் பொய்யிரை கட்டிய தங்கூசியை நீரில் விட்டு, தப்பியோடும் சிறுமீன் என்று நம்பி பெரிய மீன் அதைத் துரத்திக் கவ்வும்படி இழுத்துச் செல்லும் முறை ட்ரோலிங் எனப்படுகிறது. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வலைத்தொழில், இதுவோ ஒரு கோல், ஒரு சுருளி, ஒரு பொய்யிரை ஆகிய மூன்றை முதன்மை உறுப்புகளாகக் கொண்ட தூண்டில் கலை. குளிர்நாடுகளின் ஆழமான நன்னீர் ஏரிகளில் வளர்ந்த இக்கலையை விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதும், கொண்டுவரும்போது செய்ய வேண்டிய முதன்மையான மாற்றம் அந்த ஊரின் சூளைகளிலிருந்தே கிடைக்கக்கூடும் என்பதும் கவனத்துக்குரியவை.

ஆழமே கருவியைத் தீர்மானிக்கிறது

வட அமெரிக்காவின் பேரேரிகளில் கோடைக்காலத்தில் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. வெயிலில் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலே மிதக்க, அடர்த்தி மிகுந்த குளிர்நீர் கீழே தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே வெப்பம் சட்டென்று குறையும் மெல்லிய படலத்தை வெப்பச்சரிவு அடுக்கு என்பர். குளிர்ச்சியை விரும்பும் டிரவுட், சால்மன் போன்ற மீன்கள் பல மீட்டர் ஆழத்தில் அந்த அடுக்கை ஒட்டியே உலவுவதால், பொய்யிரையை அங்கே கொண்டுசேர்க்க ஐந்து கிலோ வரை எடையுள்ள உலோக உருண்டையைக் கம்பியில் தொங்கவிடும் ஆழமிறக்கி என்னும் கருவி தேவைப்படுகிறது. மீன் கவ்வியவுடன் தங்கூசி அந்த உருண்டையின் பிடியிலிருந்து கழன்றுவிடும்படி அதில் ஒரு கவ்வியும் உண்டு.

திட்டக்குடிக்கு அருகே கீழச்செருவாயில் 1923இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டமே ஏறத்தாழ 30 அடிதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, வடவாறு வழியே கொள்ளிடத்து நீரைப் பெற்று, இன்று சென்னைக்கும் குடிநீர் வழங்கும் வீராணம் ஏரி, நீளத்தில் பெரியதாயினும் ஆழத்தில் அதனினும் குறைந்தது. இத்தகைய ஆழமற்ற ஏரிகளில் பகலில் மேல்நீர் சூடேறினாலும் இரவின் குளிர்ச்சியும் காற்றும் நீரைக் கலக்கிவிடுவதால் வெப்பச்சரிவு அடுக்கு நிலைத்து நிற்பதில்லை. எனவே ஆழமிறக்கிக்கு இங்கே வேலையில்லை. இங்கே தடையாக அமைவன நீர்ப்பாசியும், ஏரிக்குள் மூழ்கி நிற்கும் கருவேல மரங்களின் முட்கிளைகளும், மழைக்காலத்துக் கலங்கலுமே ஆகும்.

இந்தச் சூழலுக்குப் பொருத்தமான பொய்யிரை பின்லாந்தின் பையன்னே ஏரியில் உருவானது. துடுப்புப் படகில் தூண்டில்களை இழுத்துப் பிழைத்த லௌரி ராபாலா என்னும் மீனவர், கூட்டத்திலிருந்து பிரிந்து நொண்டி நீந்தும் மீனையே கொன்றுண்ணி மீன்கள் முதலில் தாக்குகின்றன என்பதைக் கண்டு, 1936இல் தக்கையைச் செதுக்கி, மிட்டாய்க்குச் சுற்றும் பளபளப்புத் தாளைப் போர்த்தி, நிழற்படச் சுருளை உருக்கிப் பூசி ஒரு பொய்மீனைச் செய்தார். அதன் முகத்தில் சாய்வாகப் பொருத்திய உதடு போன்ற தகடு, படகு நகரும்போது எதிர்நீரின் அழுத்தத்தால் பொய்மீனைக் கீழே அமிழ்த்தி இருபுறமும் ஆட்டுகிறது. படகு நின்றால் தக்கை அதை மேலே மிதக்கச் செய்கிறது. நின்றவுடன் மிதக்கும் இந்தப் பண்பே, கருவேல முள் நிறைந்த ஏரியில் தூண்டில் சிக்காமல் மீள்வதற்கான முதல் பாதுகாப்பு.

மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால்

எந்த மீன் துரத்தும், எந்த மீன் துரத்தாது என்பதை அறியாமல் இம்முறையைக் கையாள்வது வீண் உழைப்பு. ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்க்கப்படும் கட்லா மிதவை உயிரிகளை வடித்துண்பது. ரோகும் மிர்காலும் நீரில் உள்ள தாவரப்பொருளையும் அடிமட்ட மட்கையும் மேய்பவை. இவை பொய்மீனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டா என்பதால் செவுள் வலையே அவற்றுக்கு உரிய கருவி. ஓடும் இரையைத் துரத்துபவை விராலும் வாளையும் போன்ற கொன்றுண்ணிகளே. காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்து செல்லும் விரால் கரையோரப் பாசியின் விளிம்பில் பதுங்குவதால் மிதந்து செல்லும் பொய்யிரைக்கும், இரவில் இரைதேடும் வாளை சற்றே ஆழ்ந்த பள்ளங்களில் ஓடும் பொய்யிரைக்கும் வசப்படுகின்றன.

மீனின் உடலில் செவுள் முதல் வால் வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, நீரில் எழும் மிகச் சிறிய அதிர்வையும் உணரவல்லது. கலங்கிய நீரில் சில அடிகளுக்கு அப்பால் நிறம் தெரியாது. ஆகவே மழைக்காலத்தில் பொய்யிரையின் வண்ணத்தைவிட அது நீரை அசைக்கும் விதமே மீனை அழைத்துவருகிறது. அந்த அசைவைத் தீர்மானிப்பது வேகம். மனிதன் நிதானமாக நடக்கும் வேகத்தை ஒட்டி, மணிக்கு இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டர் வரையே பொதுவாகக் கையாளப்படுகிறது. வேகம் இரு மடங்கானால் தங்கூசியின் மீது நீரின் இழுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதனால் எடை கட்டிய பொய்யிரை மேலெழுகிறது. படகு வளையும்போது வெளிப்பக்கத் தூண்டில் விரைந்து உயர, உட்பக்கத் தூண்டில் தளர்ந்து தாழ்கிறது. அவ்வேளையில் எந்தப் பக்கத் தூண்டிலை மீன் கவ்வுகிறது என்பதைக் கவனிப்பவருக்கு, அன்றைக்கு மீன் எந்த ஆழத்தையும் எந்த வேகத்தையும் விரும்புகிறது என்பது விளங்கிவிடும். துடுப்பு வலிக்கும் பரிசலின் விட்டுவிட்டு வரும் ஓட்டம் இந்த ஏற்ற இறக்கத்தை இயல்பாகவே உண்டாக்குகிறது. குடிநீர் ஏரியில் எண்ணெய் கசியும் எஞ்சினை இறக்க வேண்டிய தேவையும் இல்லை.

வளையத்தில் ஒளிந்திருக்கும் பீங்கான்

தூண்டில் கோலை அருகில் வைத்துப் பார்த்தால், தங்கூசி நுழைந்து செல்லும் ஒவ்வோர் உலோக வளையத்தின் உட்புறத்திலும் வழுவழுப்பான ஒரு சிறு வட்டம் பதிந்திருப்பதைக் காணலாம். அது அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடு பீங்கான். மீன் இழுத்து ஓடும்போது விரையும் தங்கூசி, நீரிலுள்ள வண்டலையும் நுண்மணலையும் சுமந்து வந்து வளையத்தைத் தேய்க்கிறது. மணலின் குவார்ட்சுக்குக் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரண எஃகு அதைவிட மென்மையானது என்பதால் அதில் கோடு விழுகிறது, விழுந்த கோடு பின்னர் தங்கூசியையே அறுக்கிறது. அலுமினாவின் கடினத்தன்மை 9 என்பதால் அதில் மணலால் கீறல் விழுவதில்லை. நூற்பாலைகளில் நூல் ஓடும் வழியில் பீங்கான் கொக்கிகளை வைப்பதற்கும் இதே காரணந்தான்.

பீங்கான் என்றவுடன் விருத்தாசலம் நினைவுக்கு வருவது இயல்பு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்துள்ள களிமண்ணை அடித்தளமாகக் கொண்டு விருத்தாசலத்தில் தொழிற்பேட்டை வளர்ந்தது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிலகமும் அங்கே உண்டு. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூஸ் கேரியர் என அந்தச் சூளைகளிலிருந்து வெளிவரும் பொருள்கள் பல. அலுமினா வளையத்தைச் சுட ஏறத்தாழ 1600 டிகிரி வெப்பம் வேண்டியிருப்பதால் அது எளிய சூளைக்கு அடங்காது. ஆனால் தூண்டிலின் மற்றோர் உறுப்பாகிய குண்டு அவ்வாறு கடினமானதன்று.

ஈயத்துக்கு மாற்று

தூண்டிலிலும் வீச்சு வலையிலும் இன்று கட்டப்படுவது ஈயம். அறுந்து விழும் ஈயக்குண்டு ஏரியடியில் கிடக்க, உணவை அரைப்பதற்காகச் சிறுகற்களை விழுங்கும் நீர்ப்பறவைகள் அதையும் கல்லென்று விழுங்குகின்றன. அரைவைப்பையில் தேய்ந்து குருதியில் கலக்கும் ஈயம் பறவையைக் கொல்கிறது. அன்னப்பறவைகள் இவ்வாறு மடிந்ததைக் கண்டே இங்கிலாந்தில் 1987இல் சிறிய ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. வலசை வாத்துகள் வந்திறங்குவதும், ஒரு பெருநகரின் குடிநீராக மாறுவதுமான வீராணத்தில் இச்சிக்கல் இன்னும் அழுத்தமானது.

சிந்துவெளி நகரங்களின் அகழாய்விலேயே சுடுமண் வலைக்குண்டுகள் கிடைத்துள்ளன. ஆகவே மாற்று என்பது புதிய கண்டுபிடிப்பன்று, மறந்த ஒன்றைத் திருத்தமாக மீட்பதே. கணக்கு எளிது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், பீங்கானுக்கு ஏறத்தாழ 2.4. நீரின் மிதப்புவிசையைக் கழித்தால், 100 கிராம் ஈயக்குண்டு நீருக்குள் ஏறத்தாழ 91 கிராம் எடை காட்டும். அதே எடையைக் காட்டப் பீங்கான் குண்டு 156 கிராம் இருக்க வேண்டும், பருமனோ ஏழு மடங்குக்கு மேல் கூடும். ஆழமான ஏரியில் இந்தப் பருமன் நீரின் இழுவிசைக்கு இரையாகிப் பெருங்குறையாகும். நடைவேகத்தில் சில அடி ஆழத்தில் மட்டும் இழுக்கப்படும் இவ்வூர் ஏரிகளில் சில கிராம் குண்டே போதுமென்பதால் அந்தக் குறை பொருட்படுத்தத் தக்கதன்று.

செய்முறையில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்குண்டு நீரை உறிஞ்சி நாளடைவில் உதிரும் என்பதால், துளைகள் அடைபட்டுக் கண்ணாடித்தன்மை பெறும்வரை அதைச் சுட வேண்டும். தங்கூசி நுழையும் ஓட்டையின் விளிம்பை மழுக்கி மெருகு பூச வேண்டும். அந்த மெருகில் ஈய ஆக்சைடு கலந்திருக்கக் கூடாது. இல்லையெனில் ஈயத்தை ஒரு வாசலில் வெளியேற்றி மறு வாசலில் அழைத்துவந்ததாகிவிடும்.

பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருப்பதால், தூண்டில் பிடிப்பவர் முதலில் அனுமதி பெறுவது கடமை. செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைக் காத்து நிற்கும் தாய் தந்தை விராலைப் பிடிக்காமல் விடுவதும் அதே அளவு கடமை. காவலை இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். பியூஸ் கேரியரை அச்சில் அழுத்திச் சுடும் விருத்தாசலத்துச் சூளைகள் ஒரு சிறு குண்டையும் சுட்டுத் தரலாம். பீங்கான் பயிலகமும் மீன்வளத் துறையும் இதைச் சேர்ந்து சோதித்துப் பார்க்க முன்வர வேண்டும். அறுந்து விழுந்தாலும் பீங்கான் குண்டு ஏரியடியில் ஒரு கல்லாகவே கிடக்கும். அதனால் பறவைக்கும் நஞ்சில்லை, குடிப்பவருக்கும் நஞ்சில்லை.